டொக்டரம்மா போட்ட பச்சை முகம்

என் முகத்தில் பச்சை நிறம் இருக்கிறது என்பது கல்யாணப் பேச்சு நடந்தபோதுதான் எனக்கும் ஊருக்கும் தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் டொக்டரம்மா. அதற்கு மருந்து கொண்டுவந்தவர் என் மாமியார். இரண்டு பேருக்கும் நடுவில் கதிரையில் உட்கார்ந்திருந்தவள் நான்.

அது கோப்பிக் காலம். கண்டியைச் சுற்றி எந்த மலையைப் பார்த்தாலும் கோப்பிச் செடிதான். என் அப்பா டவுனில் ஒரு கோப்பிக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கும் கோப்பியை முன்னால் இருந்த பெரிய களத்தில் காயப்போட்டு, பெண்களை வைத்துப் பொறுக்கி, மூட்டை கட்டி, ரயிலில் கொழும்புக்கு அனுப்புவது அங்கே வேலை. கிட்டங்கிக்குப் பின்பக்கமே எங்கள் வீடு. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டு, தலையணை உறைகளில் ரோசாப்பூ தைத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அப்பாவும் நானும் இரண்டே பேர். தலையணை உறை மட்டும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போதுமான அளவு இருந்தது.

மேல் தெருவில் காலியாகக் கிடந்த வீட்டுக்கு யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரும் அவர் மனைவியும் குடிவந்தார்கள். டொக்டர் சீமையில் படித்தவர். லண்டனில் படித்தது போதாதென்று அறுவை வைத்தியம் பழகப் பாரிசுப் பட்டணத்திலும் இருந்துவிட்டு வந்தவர். அவர்களுடைய சாமான் வந்து இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது. அலுமாரி வந்தது, கட்டில் வந்தது, டொக்டருடைய கத்திப் பெட்டி வந்தது. அதற்குப் பிறகு சட்டம் அடித்த கித்தான்கள், கித்தான்கள், மேலும் கித்தான்கள். கப்பல் ஒன்றின் பாயைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

டொக்டரம்மா ஒல்லியாக, உயரமாக இருப்பார். வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காகக் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருப்பார். சேலையில் எங்கேயாவது ஒரு சாயம் ஒட்டியிருக்கும். வந்த கிழமையே கிட்டங்கிக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்.

“உங்கட களத்திலை ஒரு மூலையிலை நிண்டு படம் கீறலாமோ?”

எங்கள் பேச்சில் கீறுவது என்றால் கத்தியால் கீறுவது. அப்பா பயந்துபோனார்.

“தரையிலயாங்கம்மா? இப்பத்தான் சாந்து பூசினோம். பேந்துடுமே.”

“தரையிலை இல்லை ஐயா, கித்தானிலை. சாயத்தாலை.”

“ஓ, வரையறதுங்களா! தாராளமா வரையுங்க.”

“ஓம், அதுதான். துணைக்கு ஒரு ஆளும் வேணும். சாமான் தூக்கிறதுக்கு இல்லை. சனத்தைத் தள்ளி நிப்பாட்டிறதுக்கு.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். தலையணை உறைகளிலிருந்து நான் விடுதலையான நாள் அது.

படம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலில் மாட்டியிருந்த புனிதர்களின் படங்கள்தான். கறுத்த பின்னணி, மெழுகு மாதிரி முகம், தலைக்குப் பின்னால் பொன் வட்டம். டொக்டரம்மாவும் அந்த மாதிரி ஏதோ வரையப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மூன்று கால் சட்டத்தைக் களத்தின் ஓரத்தில் நிறுத்தி, காயப்போட்டிருந்த கோப்பிக் குவியலைப் பார்த்து ஊதா நிறத்தை எடுத்தார். பிறகு நீலம். பிறகு, கடவுளே, ரோசா. வெள்ளைக்காரர்கள் சாயத்தை ஈயக் குழாயில் அடைத்து விற்றார்கள். அதைப் பிதுக்கி எடுத்து, கலக்கக்கூட இல்லாமல், கித்தானில் அப்படியே அப்பினார். கோடு போடவில்லை. அளவு பார்க்கவில்லை. வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவன்கூட இதைவிடக் கவனமாக அடிப்பான் என்று எனக்குத் தோன்றியது.

கோப்பி பொறுக்கும் பெண்கள் கூடிவிட்டார்கள். தள்ளி நிறுத்த வேண்டிய நான் முன்வரிசையில் நின்றேன்.

“அம்மா, இதுல கோப்பி எங்கங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“இதுதான் கோப்பி.”

“இது ஊதாவுல்ல இருக்கு?”

“கொட்டை ஊதா இல்லை. வெயில் சாயேக்கை குவியலுக்குப் பின்னாலை விழுற நிழலைப் பாருங்கோ. கறுப்போ அது?”

எல்லோரும் திரும்பிக் குவியலைப் பார்த்தோம். அவள் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “எங்களுக்கு நிழலுன்னா உக்கார்ற எடம்ங்க. அத நின்னு பாக்குறதுக்கு எங்க நேரம்?” என்றாள். டொக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அவருக்கு இந்தப் பழக்கம் பாரிசில் பிடித்தது. டொக்டர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் இருட்டித்தான் வருவாராம். இவருக்குப் பேச ஆள் இல்லை, பாஷையும் இல்லை. கீழ் வீட்டில் ஒரு பெண் படம் வரைபவள். அவள் இவரை ஒரு காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இருட்டறையை விட்டு வெளியே வந்து, வயலிலும் ஆற்றங்கரையிலும் நின்று, கண்ணில் படுகிற வெளிச்சத்தை வரைகிற ஒரு கூட்டம் வைத்த காட்சி.

“சனம் வயிறு நோகச் சிரிச்சுது பிள்ளை. நான் மட்டும்தான் சிரிக்கேல்லை.”

“ஏங்கம்மா, ஒங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?”

“இல்லை. ஏன் சிரிக்கினம் எண்டு எனக்கு விளங்கேல்லை. சும்மா நிக்க ஏலாமல் படத்தைப் பாத்தன். பனி விழுந்த ஒரு தெரு. நிழல் முழுக்க நீலம். எங்கட ஊர்க் கடற்கரை மணலிலையும் மத்தியானம் கழிஞ்சால் அப்பிடித்தானே விழும், நான் ஒருநாளும் கவனிக்கேல்லையே எண்டு நினைச்சன். அண்டைக்குப் பிடிச்ச வருத்தம்.”

வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய். டொக்டரும் அப்படித்தான் சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் இருக்கும் படங்களைப் பார்த்துத் திகைத்தால், “பாரிசிலை தொத்தினது. நானும் எத்தினை புத்தகம் பாத்திட்டன், மருந்தில்லை” என்று கையை விரிப்பார். ஆனால் இங்கிலீசுக்காரன் யாராவது அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தால் அவனுக்குக் கசப்பான மருந்தாகப் பார்த்து எழுதிக்கொடுப்பார் என்று தெருவில் சொல்வார்கள். அது உண்மையா என்று நான் கேட்டதில்லை. உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒருநாள் டொக்டரம்மா தன் வீட்டுப் பின்புறத்தில் இருந்த பலா மரத்தடியில் என்னைக் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். மழை பெய்து ஓய்ந்திருந்த பின்னேரம். அசையக் கூடாது என்பது கட்டளை. சும்மா இருக்கும்போது மனுஷருக்கு எங்கெங்கே அரிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அட்டை ஒன்று காலில் ஏறியது. அதைச் சொல்லலாமா கூடாதா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, டொக்டர் பின்வாசலில் வந்து நின்று, “பிள்ளை, வலது காலிலை நகை ஒண்டு போட்டிருக்கிறாய் போல கிடக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினேன்.

படம் முடிந்ததும் டொக்டரம்மா என்னைக் கித்தானுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கன்னத்தில் ஒரு பக்கம் பச்சை. மறுபக்கம் எலுமிச்சம்பழ மஞ்சள். மூக்குக்குக் கீழே நீலம். கழுத்தில் கத்தரிப்பூ நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுத்த அப்பு.

“இது யாருங்கம்மா?”

“நீதான்.”

“நான் இப்படியா இருக்கேன்?”

“எப்பவும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு, மழை விட்ட பிறகு, பலா மரத்துக்குக் கீழை நீ இப்பிடி.”

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். மாநிறமாகத்தான் இருந்தேன். நிம்மதியாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தெல்தெனியப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு கோப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். தகப்பன் இல்லை, தாயார்தான் எல்லாம். ஆளை அனுப்பிப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு படம் அனுப்புங்கள் என்று அந்த அம்மா சொல்லியனுப்பியிருந்தார். போட்டோவைத்தான் சொன்னார். கண்டியில் போட்டோ பிடிக்கிறவரோ காய்ச்சலில் படுத்திருந்தார். அப்பாவுக்கு அவசரம். ‘டொக்டரம்மா ஒன் பொண்ணப் படம் போட்டிருக்காங்களாமே’ என்று யாரோ சொல்ல, அவர் நேரே மேல் தெருவுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். டொக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் படத்தை இந்த ஊரில் கேட்டு வாங்கிய முதல் மனிதர் என் அப்பாதான். டொக்டரம்மாவே சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டார். சாயம் காய்ந்தும் காயாமலும் இருக்கிறது, பிரிக்க வேண்டாம் என்றும் சொன்னார். அப்பா பிரிக்கவில்லை. தெல்தெனியப் பக்கம் திரும்பிப் போகிற கோப்பி வண்டியில் ஏற்றிவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார்.

“அந்தப் படத்தயாப்பா அனுப்புனீங்க?”

“ஆமா. ஏன், நல்லா இல்லியா?”

“நல்லா இருக்குன்னு டொக்டரம்மா சொன்னாங்க” என்றேன்.

ஒரு கிழமை கழித்துக் களத்து வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. கண்டாங்கிச் சேலை கட்டிய கனத்த அம்மா ஒருவர், வண்டிக்காரன் பலகை போடும்வரை காத்திராமல் குதித்து இறங்கினார். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கட்டுச் செடி.

“பொண்ணு எங்க?”

அப்பா கும்பிட்டுக்கொண்டு ஓடினார். “வாங்கம்மா, வாங்க. சொல்லியனுப்பியிருந்தா வண்டி...”

“வண்டி கெடக்கட்டும் அண்ணே. பொண்ணுக்கு எத்தன நாளா இப்பிடி இருக்கு?”

“எப்பிடிம்மா?”

“மறைக்காதீங்க. நான் ஒண்ணும் சம்பந்தத்த முறிக்க வரல. மஞ்சக்காமாலைங்கறது மருந்து குடுத்தா போற சீக்கு. ஆனா பச்சயாகுற வரைக்கும் வுட்டுட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு தகப்பனா?”

அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். வெளிச்சத்துக்கு இழுத்துவந்து கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். என் வருங்கால மாமியாருக்கு நான் முதன்முதலில் காட்டியது என் நாக்கைத்தான்.

“நல்லாத்தானே இருக்கு” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. ஆனால் ஆற்றைத் தோணியில் கடந்து அவ்வளவு தூரம் கொண்டுவந்த கீழாநெல்லியை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. அரைத்து, மோரில் கலக்கி, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வாழ்க்கையில் நான் குடித்த எதுவும் அவ்வளவு கசந்ததில்லை.

பச்சை என் முகத்தில் இல்லை, டொக்டரம்மா போட்ட படத்தில்தான் என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் வாசல் பக்கம் திரும்பினார்.

“அந்தப் படத்தப் போட்ட ஆளக் காட்டு.”

நான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரம்மா கையில் தூரிகையோடு வாசலுக்கு வந்தார்.

“வாங்கோ, இருங்கோ.”

“இருக்க வரலம்மா. பொண்ணு கறுப்பா இருந்தா கறுப்பாப் போடுங்க. மாநெறமா இருந்தா மாநெறமாப் போடுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். பச்ச எங்கேருந்து வந்துச்சு?”

டொக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். “ஓ, அந்தப் பச்சையோ! அது உங்கட மருமகள் இல்லை. பலா இலை.”

“பலா எலைய ஏன் மூஞ்சில போட்டீங்க?”

“நான் போடேல்லை. வெயில் போட்டது.”

“வெயிலு மஞ்சளுல்ல?”

“இலைக்குள்ளாலை வந்தால் பச்சை.”

“அப்ப மரத்தடியில உக்காந்தா நானும் பச்சயா?”

“இருந்து பாருங்கோவன்.”

மாமியார் போய் பலா மரத்தடிக் கதிரையில் தொம் என்று உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அன்றைக்கு வானம் மூடியிருந்தது. முகத்தில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. டொக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“என்னா, தெரியுதா?” என்று மாமியார் கேட்டார்.

“இண்டைக்கு இல்லை” என்றார் டொக்டரம்மா, உண்மையை மறைக்காமல். “இண்டைக்கு நீங்கள் சாம்பல்.”

மாமியார் அவரை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, “சரி. ஒரு தடவ என்னயப் போடுங்க, பாப்போம். ஆனா என் நெறத்துல போடணும்” என்றார். அவரை அதற்கு முன்னால் யாரும் படம் போட்டதில்லை, போட்டோகூடப் பிடித்ததில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அந்தக் கூண்டு வண்டி வரத் தொடங்கியது. மாமியாருக்கு அசையாமல் இருக்க முடியாது. பேசாமல் இருக்கவே முடியாது. தோட்டத்துத் துரை புதிதாக வாங்கிய குதிரை, வழியில் வண்டி மாடு படுத்துக்கொண்டது, குண்டசாலையில் மாங்காய் விற்கிற விலை, எல்லாம் வரும். பேச்சுக்கு நடுவில், “மூக்க அங்கயா போட்டீங்க?” என்று எழுந்துவந்து பார்ப்பார். டொக்டரம்மா இரண்டு கித்தானைச் சுரண்டிப்போட்டார். மூன்றாவதில் பேசாமல் இருங்கோ என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

முடிந்த படத்தை நான் பார்த்தபோது எனக்கு ஒரு அடி பின்னால் போகத் தோன்றியது. மாமியார் பேசிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, ஒரு கை காற்றில் இருந்தது, கண்டாங்கியின் சிவப்பு தாடையில் ஏறிக் காதுவரை போயிருந்தது. அப்பி அப்பிப் போட்ட சாயம் முழுக்க ஆடிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அந்த நாளில் ஊரில் யாரையும் வாய் திறந்தபடி படத்தில் பார்க்க முடியாது. ராணியானாலும் சரி, புனிதரானாலும் சரி, வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மாமியார் நீண்ட நேரம் பார்த்தார். நான் அறிந்து அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

“நாக்கு தெரியுது” என்றார் கடைசியில்.

“ஓம்.”

“வாயத் தொறந்துகிட்டு இருக்கேன்.”

“அதுதான் நீங்கள்.”

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வைத்த சாப்பாட்டைத் தொடாமல், வண்டி ஏறிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வண்டி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். டொக்டரம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, “என்னாலைதானே பிள்ளை” என்று கண் கலங்கினார். எனக்கு என்னவென்றால், பார்த்தே இராத மாப்பிள்ளை போனதைவிட, சனிக்கிழமைச் சத்தம் போனதுதான் ஒரு மாதிரி இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு பகல் மெலிந்த இளைஞர் ஒருவர் களத்துக்கு வந்து, வெயிலில் தொப்பியைக் கழற்றாமல் நின்றார். நான் கோப்பியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன்.

“அம்மா அந்தப் படத்த வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்றார்.

“எந்த அம்மா?”

“எங்கம்மாதான். தெல்தெனியவுலேருந்து வர்றேன்.”

கையில் இருந்த பலகையை நான் காலில் போட்டுக்கொண்டேன். அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் மூன்று பேருமாக மேல் தெருவுக்குப் போனோம். படத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. முதலில் கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

“எங்கம்மாவேதான்! சத்தம் கேக்குதுங்க! வண்டி மாட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க!”

“ஓம்!” என்று டொக்டரம்மா கத்தினார். “மாட்டைப் பற்றித்தான்! அந்த நேரத்திலைதான் கீறினது!”

எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு, அப்பா தயங்கித் தயங்கி, “எங்க பொண்ணு படம்... அந்தப் பச்சப் படம்... திருப்பி அனுப்பிடுவீங்களா?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். “அம்மா அலுமாரிக்குப் பின்னாடி போட்டுட்டாங்க. நான் எடுத்து என் அறையில மாட்டியிருக்கேன். பக்கத்துல போனா ஒண்ணும் தெரியல. கதவுகிட்ட நின்னா தெரியுது. அந்தப் பொண்ணு சிரிப்ப அடக்கிக்கிட்டு இருக்கு. என்னா சிரிப்புன்னு எனக்குக் கேக்கணும்.”

அட்டை கடித்த கதையை நான் அவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னேன்.

மாமியார் படத்தைக் கேட்டனுப்பியதற்குக் காரணம் கோபம் ஆறியது அல்ல. வாயை மூடித் திருத்தி வாங்கிக்கொண்டு வரத்தான் மகனை அனுப்பியிருந்தார். டொக்டரம்மா முடியாது என்றார்; படம் அவர் வீட்டிலேயே தங்கியது. ஆனால் அதே நேரத்தில் அவருக்கு வேறொரு அவமானம் நடந்திருந்தது. வெள்ளைக்காரத் துரைசானிமார் சேர்ந்து வருஷா வருஷம் பூ, பழம், பள்ளத்தாக்கு என்று படக்காட்சி ஒன்று வைப்பார்கள். டொக்டரம்மா அனுப்பிய படங்களை, முடிக்காத படங்களை ஏற்பதில்லை, முடித்துவிட்டு அனுப்புங்கள் என்று திருப்பியனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஆத்திரம். டொக்டருக்கு அதைவிட ஆத்திரம். கிட்டங்கி காலியாகக் கிடக்கிற மாதம் அது. அப்பாவே சொன்னார்: “கோப்பி மூட்ட அடுக்குற எடந்தானேம்மா. படத்த அடுக்குனா என்னா?”

இப்படித்தான் எங்கள் கோப்பிக் கிட்டங்கியில் அந்தக் காட்சி நடந்தது. நானும் அப்பாவும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். களத்து ஊதாக் குவியல், வாவிக்கரையில் மழை, புத்தரின் பல் வைத்திருக்கும் மாளிகைக்கு முன்னால் வெள்ளைச் சேலைகளில் பூக் கொண்டுபோகும் கூட்டம், மாப்பிள்ளை தன் அறையிலிருந்து கழற்றி அனுப்பிவைத்த என் பச்சை முகம், மாமியாரின் திறந்த வாய், எல்லாம் வரிசையாகத் தொங்கின. எங்கள் நாட்டில் அந்த மாதிரிப் படங்களை அப்படி வெளியே வைத்தது அதற்கு முன்னால் இல்லை என்று டொக்டர் சொன்னார். முதல் நாள் வந்தவர்கள் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் கிளார்க்குகள் சிலர். பாரிசில் சிரித்த மாதிரியே சிரித்துவிட்டுப் போனார்கள். டொக்டரம்மா ஒரு வெறும் சாக்கின் மேல் உட்கார்ந்து, “சிரிக்கிறதிலை உலகம் முழுக்க ஒண்டுதான்” என்றார்.

இரண்டாம் நாள் தெல்தெனியவிலிருந்து மூன்று கூண்டு வண்டிகள் வந்தன. முதல் வண்டியிலிருந்து மாமியார் குதித்தார். தன்னை ஊர் பார்க்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சண்டை பிடிக்க வந்தாரா, பெருமை பார்க்க வந்தாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. துணைக்கு உறவுக்காரர், தோட்டத்துப் பெண்கள் என்று ஒரு கூட்டத்தையே கூட்டி வந்திருந்தார். உள்ளே போனார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பிறகு ஒரு குழந்தை, “பெரியம்மா!” என்று படத்தைப் பார்த்துக் கூப்பிட்டது.

அவ்வளவுதான். மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

“கிட்ட வராதீங்க. கிட்ட வந்தா வெறும் அப்பு அப்பாத்தான் தெரியும். அந்தத் தூண்கிட்டப் போங்க. இன்னும் பின்னாடி. இப்ப பாருங்க, பேசுதா? தாடையில செவப்பு இருக்கே, அது தாடை இல்ல. சேல. வெயிலு எடுத்து அங்க போட்டிருக்கு. அந்தப் பொண்ணு மூஞ்சில பச்ச இருக்கே, அது சீக்குன்னு நெனச்சிராதீங்க. வெவரம் தெரியாதவங்கதான் அப்பிடி நெனப்பாங்க. அது பலா எல.”

டொக்டரம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழாநெல்லிக் கசப்பு என் நாக்கில் திரும்பி வந்தது.

மத்தியானத்துக்குள் டவுன் முழுக்கச் செய்தி போய்விட்டது. கடைவீதி முஸ்லிம் வியாபாரிகள் வந்தார்கள். மாளிகைப் பக்கத்திலிருந்து சிங்களப் பெண்கள் வந்தார்கள். பின்னேரம் குடை பிடித்துக்கொண்டு இரண்டு துரைசானிமாரும் வந்தார்கள். படங்களைத் திருப்பியனுப்பிய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒருத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாமியாரின் படத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் உரசுகிற மாதிரி நின்றாள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. இங்கிலீசு தெரியாததெல்லாம் ஒரு பொருட்டா? அவள் முழங்கையைப் பிடித்து, “இங்க நிக்கப்படாதுங்க, அங்க வாங்க” என்று தூணடிக்கு நடத்திக்கொண்டு போனார். தோள் இரண்டையும் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். துரைசானி படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு, “ஓ!” என்றாள். சிரிக்கவில்லை. சாத்தும் நேரம்வரை அந்தத் தூணடியை விட்டுப் போகவில்லை.

அவள்தான் பிறகு டொக்டரம்மாவிடம் படிக்க வந்த முதல் ஆள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. ஏனென்றால் நானும் அன்றைக்கு ராத்திரியே கேட்டுவிடலாம் என்று இருந்தேன். டொக்டரம்மா வீட்டு விறாந்தையில் ஐந்து பெண்கள் சேர்ந்தோம்: துரைசானி, பறங்கி அக்கா தங்கை இரண்டு பேர், மாளிகைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, நான். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவதைப் போடு, தெரியும் என்று நினைப்பதைப் போடாதே. அதைச் செய்ய எங்களுக்கு வருஷக்கணக்காகியது. துரைசானிக்குக் கடைசிவரை வாழைமரம் வரவில்லை. எனக்கு மாடு வரவில்லை, இன்றும் வராது.

கல்யாணம் நடந்தது. நான் தெல்தெனியவுக்குப் போனேன். வகுப்புக்கு மாமியார்தான் வண்டி கட்டி அழைத்துக்கொண்டு வருவார். மருமகளைப் படம் போட அனுப்புகிற மாமியார் என்று அவரைத் தோட்டத்தில் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவரோ, அவர்களுக்கு எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டுகளில்தான் கோப்பியில் நோய் விழுந்தது. இலையைத் திருப்பினால் அடியில் செம்மஞ்சள் தூள். கையில் ஒட்டும், சேலையில் ஒட்டும். மலைகள் மொட்டையாகின. என் கணவர் இருந்த தோட்டத்தில் துரையே ஒருநாள் சொல்லாமல் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். டொக்டரம்மா அந்த மலைகளையும் வரைந்தார். அவர் போட்ட படங்களில் மிகவும் அழகானவை அவை. அதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. என் கணவர் மட்டும் ஒரு படத்தின் முன்னால் நின்று, “இந்தத் தூளு இவ்வளவு அழகான நெறம்னு திட்டிக்கிட்டே இருந்ததுல தெரியலம்மா” என்றார். பிறகு அவருக்குத் தெல்தெனியவிலேயே புதிதாகத் தேயிலை போட்ட ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. அப்பாவுக்குக் கிட்டங்கி போய்விட்டது. எங்களோடு வந்து இருந்தார்.

டொக்டருக்கு மட்டக்களப்புக்கு மாற்றல் வந்தது. கடைசி வகுப்பில் நாங்கள் ஐந்து பேரும் பேசிவைத்து, டொக்டரம்மாவைப் பலா மரத்தடிக் கதிரையில் உட்காரவைத்தோம். அவரைப்போல மோசமாக உட்கார்ந்தவர் உலகத்தில் இருக்க முடியாது. என் மாமியார் தேவலை. எழும்பி எழும்பி வந்து எங்கள் கித்தான்களைப் பார்த்தார், தூரிகையைப் பிடுங்கினார், பறங்கித் தங்கையோடு சண்டை போட்டார். என் படத்தைப் பார்த்து, “என்ர மூக்கு இவ்வளவு நீளமோ?” என்றார்.

“நாலு மணிக்குங்கம்மா” என்றேன்.

முடிந்தபோது ஐந்து படத்திலும் ஐந்து ஆள் இருந்தார்கள். ஒருத்தி நீலம், ஒருத்தி மஞ்சள், ஒருத்திக்கு வாய் இல்லை. மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் டொக்டர் வந்து வரிசையாகப் பார்த்தார். வண்டியில் இடமில்லை, ஒன்றை மட்டும் எடுங்கள் என்று டொக்டரம்மா சொன்னார்.

“எல்லாத்தையும்தான் கொண்டுபோக வேணும்” என்றார் டொக்டர். “இந்த ஐஞ்சு பேரோடையும்தானே நான் குடும்பம் நடத்திறன். ஒராளை விட்டிட்டுப் போனால் மற்ற நாலு பேரும் சண்டைக்கு வருவினம்.”

அலுமாரி ஒன்றை இறக்கிவிட்டு அந்த இடத்தில் படங்களை அடுக்கினார்கள். அந்த அலுமாரியை என் கணவர் தெல்தெனியவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. துரைசானி குதிரையில் வருவாள். மாமியார் எல்லோருக்கும் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து, “இன்னைக்கு யாரு என்னயப் போடப்போறீங்க?” என்று கேட்பார்.